கடலடிக் கேபிளில் ஒளி எவ்வளவு தூரம் போகும்?

கேள்வி: சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலடியில் கேபிள் போட்ட பிறகு, அந்தமானில் வேலை பார்க்கும் என் மகனுடன் தடங்கலில்லாமல் பேச முடிகிறது. தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் செல்லும் ஒளி அவ்வளவு தூரம் எப்படி மங்காமல் போகிறது?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: ஒளி மங்கத்தான் செய்கிறது. ஆனால் வியக்கத்தக்க அளவுக்கு மெதுவாக மங்குகிறது. 1960களில் கிடைத்த கண்ணாடி இழைகளில் சுமார் 20 மீட்டர் சென்றதுமே ஒளியில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அதற்குக் காரணம் கண்ணாடியின் இயல்பு அன்று, அதில் கலந்திருக்கும் இரும்பு முதலிய மாசுகளே என்று 1966-இல் இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவ் எடுத்துக்காட்டினார். 2009-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் உருவாக்கிய இழையில் அதே நூறில் ஒரு பங்கு ஒரு கிலோமீட்டர் வரை தாக்குப்பிடித்தது. இன்றைய இழையில் அது 100 கிலோமீட்டர் வரை செல்கிறது. கண்ணாடியைத் தூய்மைப்படுத்தும் இந்தப் பொறுமையான உழைப்புதான் இன்றைய இணையத்தின் அடித்தளம் என்பேன்.

அதற்கு மேலும் ஒளி செல்ல வேண்டுமே! அதற்காகக் கேபிளில் பல பத்துக் கிலோமீட்டர்களுக்கு ஒன்றாக ஒளிபெருக்கிகள் பொருத்தப்படுகின்றன. அவற்றினுள் எர்பியம் என்ற தனிமம் சேர்த்த சிறிது நீள இழை இருக்கும். மங்கி வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றாமல், ஒளியாகவே அது வலுப்படுத்தி அனுப்பும். இதற்கு வேண்டிய மின்சாரம், கேபிளுக்குள்ளேயே இருக்கும் செம்புக் குழாய் வழியாகக் கரையிலிருந்து செல்கிறது.

2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்த சென்னை–அந்தமான் நிக்கோபார் கேபிளின் மொத்த நீளம், தீவுகளுக்கிடையேயான பகுதிகளையும் சேர்த்து, சுமார் 2,300 கிலோமீட்டர். அதற்கு முன் தீவுகள் பெரிதும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியாகப் பேசினால், நம் சொல் போய் மறுமொழி திரும்புவதற்குள் அரை வினாடி கழிந்துவிடும். கேபிளில் ஒளி சென்னையிலிருந்து போர்ட் பிளேரை அடைய நூறில் ஒரு வினாடிகூட ஆகாது. உங்கள் மகனின் குரல் உடனுக்குடன் கேட்பது இதனால்தான்.

கேள்வி: கடலுக்குள் கேபிள் அறுந்தால், அறுந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கரையிலிருந்து சிறு ஒளித்துடிப்புகளை அனுப்பி, இழையிலிருந்து திரும்பி வரும் ஒளியின் நேரத்தை அளந்தால் பழுது எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலான பழுதுகள் கப்பல் நங்கூரங்களாலும் மீன்பிடி வலைகளாலும் நேர்பவை. எனவே கரையோரத்தில் கேபிளுக்கு எஃகுக் கம்பிக் கவசம் இட்டு, கடற்படுகையில் புதைக்கிறார்கள். பழுதுபார்க்கும் கப்பல் கொக்கியால் கேபிளின் முனைகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, இடையில் புதிய துண்டைச் சேர்க்கும். ஒளி செல்லும் உட்பகுதியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், அலையில் ஆடும் கப்பலில் இரு இழைகளையும் நேர்க்கோட்டில் நிறுத்தி மின்பொறியால் உருக்கி ஒட்டுவது மிக நுட்பமான வேலை. 2022 ஜனவரியில் எரிமலை வெடிப்பால் டோங்கா நாட்டின் ஒரே சர்வதேசக் கேபிள் அறுந்தபோது, அதைச் சீர்செய்ய ஐந்து வாரங்கள் ஆயின. தீவுகளுக்கு இரண்டாவது கேபிள் பாதை வேண்டும் என்று வல்லுநர்கள் வற்புறுத்துவது முற்றிலும் நியாயமே.