குடல் திரும்பும் கதை: கருவில் உணவுப்பாதை பற்றிக் கேள்வி பதில்

பதில் சொல்பவர்: மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர், காட்பாடி.

நர்சிங் மாணவி, குடியாத்தம்: சார், கருவில் குடல் தொப்புள்கொடிக்குள் போய், 270 டிகிரி சுற்றி உள்ளே வருகிறது என்று மனப்பாடம் செய்கிறேன். ஏன் வெளியே போக வேண்டும்?

இடம் பத்தவில்லை, அவ்வளவுதான் அம்மா. ஆறாவது வாரத்தில் கல்லீரல் வயிற்றை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கருவின் உணவுப்பாதையின் நடுப்பகுதியான நடுக்குடலோ மளமளவென்று நீள்கிறது. ஒதுங்க தொப்புள்கொடிதான் கிடைக்கிறது.

ஒரு பாவாடை நாடாவை வளையமாக மேசைமேல் வை. வளையத்தின் நடுவில் ஒரு பேனா. நாடாதான் குடல்; பேனாதான் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் சுப்பீரியர் மெசென்ட்ரிக் தமனி. முன்னாலிருந்து பார்த்தால் சுற்றல் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. போகும்போது 90 டிகிரி, பத்தாவது வாரத்தில் திரும்பும்போது இன்னும் 180. சிறுகுடல் முதலில் நுழைந்து இடப்பக்கம் இடம் பிடித்துக்கொள்ளும். பெருங்குடலின் தொடக்கப் பை கடைசியாக வந்து கல்லீரலுக்கு அடியில் உட்கார்ந்து, அப்புறம் வலது அடிவயிற்றுக்கு இறங்கும்.

உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்ஷன் ஹாலுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால், குறுக்குப் பெருங்குடலை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பார். அதே தமனிக்கு முன்னால் பெருங்குடல், பின்னால் சிறுகுடலின் தொடக்கமான டியோடினம். சுற்றாமல் இந்த அமைப்பு வரவே வராது. ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் 270-ஐ மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஒரு தகப்பனார், ஆற்காடு: பையனுக்குக் குடல்வால் ஆபரேஷன் முடிந்தது. முதல் நாள் தொப்புளைச் சுற்றித்தான் வலி என்றான். கேஸ் என்று கோலி சோடா வாங்கிக் கொடுத்தோம். வலப்பக்கம் இருக்கிற உறுப்புக்கு நடுவில் ஏன் வலி?

குடல்வாலும் நடுக்குடலில் இருந்து வந்ததுதான் ஐயா. அதன் வலிச் செய்தி தண்டுவடத்தின் பத்தாவது மார்பு நரம்பு மட்டத்துக்குப் போகிறது. தொப்புளைச் சுற்றியுள்ள தோலுக்கும் அதே மட்டம்தான். எது எங்கிருந்து வந்தது என்று மூளைக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அழற்சி முற்றி வயிற்றுச் சுவரின் உள்ஜவ்வைத் தொட்ட பிறகுதான் வலி வலப்பக்கம் இறங்கும். நடுவில் தொடங்கி வலப்பக்கம் நகரும் வலிக்குச் சோடா கொடுத்துக் காத்திருக்கக் கூடாது.

ஒரு தாய், ஒடுகத்தூர்: குழந்தை பிறந்து இருபது நாள். பால் கக்குகிறது. குடலேற்றம், எண்ணெய் தடவித் தட்டி எடுக்க வேண்டும் என்கிறார் மாமியார்.

குடித்த பால் தயிர் போலக் கொஞ்சம் வழிந்து, குழந்தை சிரித்து விளையாடி, எடையும் ஏறுகிறதா? பயப்பட வேண்டாம். இரைப்பையின் வாய் இன்னும் இறுகவில்லை. தோளில் போட்டு ஏப்பம் விட வையுங்கள்.

வாந்தி பச்சை நிறத்தில் வந்தால் கதையே வேறு. மேலே சொன்ன சுற்றல் பாதியில் நின்றுபோன குழந்தைகளுக்குக் குடலைப் பிடித்திருக்கும் அடித்தளம் குறுகலாக இருக்கும். குடல் அந்தத் தமனியையும் சேர்த்து முறுக்கிக்கொள்ளலாம். ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும். பெரும்பாலும் முதல் மாதத்திலேயே இது தெரியவரும். தலைகீழாகப் பிடிப்பது, தட்டுவது எதுவும் வேண்டாம். நள்ளிரவானாலும் வண்டி பிடித்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, பக்கத்தில் குழந்தை அறுவை மருத்துவர் இருக்கும் எந்த ஆஸ்பத்திரியோ, நேரே போய்விடுங்கள். முறுக்கை அவிழ்த்து, அடித்தளத்தை அகலப்படுத்தும் அறுவை முறையை பாஸ்டனில் வில்லியம் லாட் 1936-இலேயே எழுதிவைத்துவிட்டார். நேரத்துக்குப் போனால் பிள்ளை பிழைக்கும். மாமியாரிடம் சண்டை வேண்டாம். பச்சை நிறத்தை மட்டும் அவருக்கும் சொல்லி வையுங்கள்.

ராணிப்பேட்டையில் இருந்து: அண்ணிக்கு மலத்துவாரம் இல்லாமல் குழந்தை பிறந்தது. கிரகணத்தில் காய் நறுக்கினாள் என்று ஊரே பேசுகிறது.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏழு, எட்டாவது வாரங்களில் மலப்பாதையும் சிறுநீர்ப்பாதையும் பிரிந்து, கீழே மூடியிருக்கும் சவ்வு திறக்க வேண்டும். அது சரியாக நடக்கவில்லை. அண்ணி எந்தத் தப்பும் செய்யவில்லை; முதலில் அதை அவரிடம் சொல்லுங்கள். இதயம், சிறுநீரகம், முதுகெலும்பையும் ஸ்கேனில் பார்த்தார்களா என்று கேளுங்கள், சேர்ந்து வரும் குறைகள் உண்டு.

பி.எஸ்சி. மாணவர், வேலூர்: வேறு ஆபரேஷனில் அப்பாவுக்குச் சிறுகுடலில் ஒரு சின்னப் பை இருந்ததாம். புற்றா சார்?

பெரும்பாலும் மெக்கல் பையாக இருக்கும் தம்பி. கருவில் குடலையும் மஞ்சள்கருப் பையையும் இணைத்த குழாயின் மிச்சம். நூற்றில் இரண்டு பேருக்கு உண்டு, பலருக்கு ஆயுள் முழுக்கத் தெரியாது. சிலருக்கு மட்டும் உள்ளே இரைப்பைத் திசு இருந்து, அமிலம் சுரந்து, ரத்தம் கசியும். டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுது.