தொப்பி இறுக்குகிறது, தலை வளர்கிறதா டாக்டர்?

கேள்வி: எனக்கு 57 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் மண்டோர் வேலை, ஆட்களை மேய்ப்பது. தலையில் முடி கொட்டிப் பத்து வருடமாகிறது. சின்ன வயதிலிருந்தே எனக்குப் பெரிய தலை, கடையில் எந்தத் தொப்பியும் ஒழுங்காக இறங்காது. மகள் ஆன்லைனில் ஒரு 'ஃப்ரீ சைஸ்' தொப்பி வாங்கித் தந்தாள். வியர்வைக்காக உள்ளே துண்டு கட்டி, அதன்மேல் போடுகிறேன். பெரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து போட்டால் ஒரு மணி நேரத்தில் நெற்றி வலிக்கிறது. கழற்றினால் சிவப்பாக ஒரு கோடு. நாலைந்து வருடமாகப் போட்ட பழைய தொப்பியும் இப்போது இறுக்குகிறது. 'மண்டோருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது' என்று கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். வீட்டுக்காரம்மா மூளையில் கட்டியோ என்று பயப்படுகிறார். இந்த வயதில் தலை வளருமா? தொப்பியே வேண்டாமென்று விட்டுவிடலாமா?

பதில்: ஐயா, தலைக்கனத்துக்கு என்னிடம் மருந்தில்லை. இருந்தால் முதல் வேளையை நானே விழுங்கியிருப்பேன்.

வீட்டம்மாவின் பயத்தை முதலில் பார்ப்போம். வளர்ந்தவர்களின் மண்டையோடு இறுகிப் பூட்டிய எலும்புப் பெட்டி. உள்ளே கட்டி வந்தாலும் பெட்டியைத் தள்ளிப் பெரிதாக்காது. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு என்று வேறு வழியில்தான் அது தன்னைக் காட்டும்.

ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அதில் வரும் ஒருவகைக் கட்டி, வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மேல் சுரக்கும். பெரும்பாலும் அது புற்றுநோய்க் கட்டி அல்ல. பெரியவர்களுக்கு இது வந்தால் உயரம் கூடாது. கை, கால், தாடை, நெற்றி எலும்பு எல்லாம் மெல்ல மெல்லத் தடிக்கும். தினமும் பார்க்கிற வீட்டாருக்கு மாற்றம் தெரியவே தெரியாது. கழலாத மோதிரமும் புகாத சப்பாத்தும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அதனால் இன்றைக்கே மோதிரத்தைக் கழற்றிப் பாருங்கள். பழைய அடையாள அட்டையோ கல்யாணப் படமோ இருந்தால் எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று மூக்கையும் தாடையையும் ஒப்பிடுங்கள். நாங்களும் அதைத்தான் செய்வோம், கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை.

தலையைப் பெரிதாக்கித் தொப்பியை இறுக்கும் இன்னொரு நோயும் உண்டு. 1877-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பாஜெட் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1844-இல் அந்த மனிதர் போட்ட தொப்பியின் உள்சுற்று இருபத்திரண்டரை அங்குலம். 1876-இல் அது இருபத்தேழே கால் அங்குலம். எலும்பு தாறுமாறாகத் தடிக்கும் அந்த நோய்க்கு இன்றும் பாஜெட்டின் பெயர்தான். ஆங்கிலேய வம்சாவளியினரிடம் அதிகம், நம்மிடையே அரிது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தொப்பிக் கணக்கு இருந்ததால் தலை எவ்வளவு பெருத்தது என்று தெரிந்ததே, அந்த அதிசயத்துக்காகச் சொன்னேன்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது: உள்ளே துண்டு.

மடித்த துண்டின் தடிமன் மூன்று மில்லிமீட்டர் என்று வையுங்கள். தலையைச் சுற்றி வரும்போது சுற்றளவு கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் கூடிவிடும். தொப்பிக் கடைக் கணக்கில் அது ஒரு முழு சைஸ். ஏற்கெனவே பெரிய தலை, அதற்கு மேல் துண்டு, அதற்கும் மேல் நடுத்தரத் தலைக்குத் தைத்த 'ஃப்ரீ சைஸ்'. நெற்றி என்ன செய்யும்? பழைய தொப்பி இறுகியதற்கும் பெரிய மர்மம் வேண்டியதில்லை. பருத்தித் துணி துவைக்கத் துவைக்கச் சுருங்கும், உள்பட்டை வியர்வை உப்பில் விறைத்துப்போகும்.

புருவத்துக்கு மேலே நெற்றிக்கு ஏறும் நரம்புகள் தோலுக்குச் சற்று அடியில்தான் ஓடுகின்றன. பட்டை அவற்றை அழுத்தினால் வலிக்கும். நீச்சல் கண்ணாடி, ஹெல்மெட் போடுகிறவர்களுக்கும் இதே வலி வரும். தொப்பியை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டால் இந்த வகைதான். போகவில்லை என்றால் கிளினிக்குக்கு வாருங்கள், ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடலாம்.

என் அப்பாவும் தோட்டத்து ஆள்தான், ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். பசியாற வரும்போது அந்தப் பட்டையின் தடம் நெற்றியில் பள்ளமாகத் தெரியும். அது விபூதிப் பட்டையின் நிழல் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

தொப்பியை விட்டுவிடலாமா என்றால், கூடாது. வெள்ளைக்காரத் துரைமார் நெட்டியில் செய்த கனத்த தொப்பி போட்டார்கள். வெயில் மண்டையைத் துளைத்து மூளையைக் கெடுக்கும் என்ற பயம் அவர்களுக்கு. அது தப்பு. ஆனால் நிழல் வேண்டும் என்றது சரி. நாம் பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை கிட்டே இருக்கிறோம். மேகம் போட்டிருந்தாலும் புறஊதாக் கதிர் இறங்கும். வளர்ந்த செம்பனைக்கு அடியில் நிழலாவது உண்டு, மறுநடவுக் காட்டில் அதுவும் கிடையாது. நம் கறுப்புத் தோல் ஓரளவு காப்பாற்றும், கண்ணை அது காப்பாற்றாது. வெயிலிலேயே உழைத்தவர்களுக்குக் கண்புரை வருவதிலும், வெள்ளைவிழியிலிருந்து கருவிழிக்குள் சதை படர்வதிலும் அந்தக் கதிருக்குப் பங்குண்டு. முடியில்லாத உச்சந்தலையில் சொரசொரப்பாகத் திட்டோ, ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் காட்டிவிடுங்கள்.

வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். தையல்கார டேப் இல்லாவிட்டால் ஒரு நூல் போதும். புருவத்துக்கும் காதுக்கும் ஒரு விரல் மேலே, பின்மண்டைப் புடைப்பைச் சுற்றி. பல கடைகளில் 57, 58 சென்டிமீட்டர் நடுத்தரம், 59, 60 பெரியது, 61, 62 அதற்கும் மேல். பிறகு கோட்டின் இடத்தைக் கவனியுங்கள். முன்னும் பின்னும் சிவந்து, காதுப் பக்கம் தொளதொளவென்றிருந்தால் உங்களுடையது நீளத் தலை, தொப்பி வட்டம். அப்போது பெரிய சைஸ் வாங்கினால் காற்றில் பறக்கும், தாடைக்கு நாடா வைத்தது தேவை. கையில் இருக்கிற தொப்பியைத் தையல்காரரிடம் கொடுத்துப் பின்பக்கம் பிரித்து எலாஸ்டிக் வைக்கச் சொல்வது எல்லாவற்றையும்விட மலிவு. விளிம்பு சுற்றிலும் ஏழரை சென்டிமீட்டராவது இருக்கட்டும். முன்னால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கேப் காதையும் பிடரியையும் விட்டுவிடும். சீனத் தோட்டக்காரர்கள் போடும் கூம்புத் தொப்பி எனக்குப் பிடிக்கும். உள்வளையத்தில் நிற்பதால் காற்று போய்வரும், தலை எந்த அளவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

துண்டைப் பிடரியில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள், தலையில் சுற்ற வேண்டாம். சுற்றித்தான் பழக்கம் என்றால் துண்டோடு சேர்த்தே அளந்து வாங்குங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. குலை வெட்டுகிற இடத்துக்குப் போனால் பாதுகாப்புத் தொப்பிதான், துணித் தொப்பி அங்கே செல்லாது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் அப்படியே. 1973 முதல் இங்கே அது சட்டம். அது கன்னத்தைக் கவ்விப் பிடிக்கத்தான் வேண்டும், தலையை ஆட்டினால் தனியாக ஆடக்கூடாது. இறுக்குகிறது என்று உள்ளே இருக்கும் நுரையைக் கத்தியால் சீவி எடுத்தவரை என் கிளினிக்கிலேயே பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். அடுத்த பெரிய அளவு எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள், ஈப்போவரை போக வேண்டியிருந்தாலும் சரி.