கரகரப்பைக் கேட்பவன்

கேள்வி: பிறர் ‘பழைய பஞ்சாங்கம்’ என்று சிரிக்கக்கூடிய ரசனை உங்களுக்கு உண்டா? அதைக் கூச்சமில்லாமல் வைத்துக்கொள்ள எப்படிப் பழகினீர்கள்?

உண்டு. நான் மத்திய அலையிலும் சிற்றலையிலும் வானொலி கேட்பவன். பாடலுக்காகவோ செய்திக்காகவோ அல்ல. தொலைவிலுள்ள ஒரு நிலையம் இன்று கேட்கிறதா, கேட்டால் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று பார்ப்பதற்காகவே கேட்பவன். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். வீட்டுக்குள் எல்இடி விளக்கும் இன்வெர்ட்டரும் எழுப்பும் இரைச்சலில் எதுவும் எடுபடாது என்பதால், இரவு ஒன்பது மணி வாக்கில் பெட்டியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், துணி உலர்த்தும் கொடியோடு சேர்த்து ஒரு செம்புக் கம்பியைக் கட்டி உட்கார்ந்துவிடுவேன். கீழ்வீட்டுக்காரர்கள் தொடக்கத்தில் என்னைச் சற்றுக் கவலையோடுதான் பார்த்தார்கள்.

பகலில் மத்திய அலையை வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள அயனி மண்டலத்தின் அடியடுக்கு உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோக, அலைகள் அதற்கும் மேலுள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகின்றன. அதனால்தான் பகலில் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை நிலையத்தை மட்டும் உருப்படியாகப் பிடிக்கிற பெட்டி, இரவில் 936-இல் திருச்சியையும், வாய்த்தால் 1197-இல் என் சொந்த ஊரான திருநெல்வேலியையும் பிடிக்கிறது. ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தாண்டி வரும் அந்தக் குரல் சீராக வருவதில்லை. ஒரு நிமிடம் பக்கத்து அறையில் பேசுவது போல் நெருங்கும். அடுத்த நிமிடம் கிணற்றுக்குள் இறங்கிவிடும். அந்த ஏற்ற இறக்கம்தான் எனக்குப் பிடித்தது. கைபேசிச் செயலியில் அதே நிலையத்தைத் துல்லியமாகக் கேட்கலாம் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லாத நண்பர் யாரும் எனக்கு இல்லை.

பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. இரவு 9.15-க்கு பிபிசி தமிழோசை தொடங்கும்போது வீட்டில் யாரும் பாத்திரத்தை உருட்டக் கூடாது. அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரலில் நின்றது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார்.

கூச்சத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் இது தெரிந்த பிறகு சில ஆண்டுகள் நான் செய்தது, இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிற ஒரு காரியம். யார் கேலி செய்தாலும் 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கொண்டுவந்து நிறுத்துவேன். மின்சாரமும் கைபேசியும் செத்துக் கிடந்த நாட்களில் இரண்டு பேட்டரியில் ஓடிய டிரான்சிஸ்டர்தான் எங்கள் தெருவுக்குச் செய்தி சொன்னது என்பேன். அது உண்மைதான். ஆனால் நான் மாடிக்குப் போவது வெள்ளத்தை எதிர்பார்த்து அல்ல. பிடித்திருக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, பயன்படுகிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். கேலியைவிட அந்தச் சமாதானம்தான் என்னை அதிகம் களைப்பாக்கியது என்பது புரிய வெகுகாலம் ஆயிற்று.

புரிய வைத்தவள் என் மகள், அதுவும் ஒரு சண்டையில். கொரியப் பாடகர்களின் படம் அச்சிட்ட சிறிய அட்டைகளை அவள் சேர்க்கிறாள். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆல்பத்தில் அடுக்குகிறாள். “காகிதத்துக்கு இவ்வளவு காசா?” என்று நான் கேட்டபோது, அவள் பதில் பேசாமல் போய் என் அலமாரியிலிருந்த செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “இது என்னப்பா?”

அதில் இருந்தவை கியூஎஸ்எல் அட்டைகள். ஒரு நிலையத்தைக் கேட்டதும் அலைவரிசை, நேரம், நிகழ்ச்சி விவரம் ஆகியவற்றோடு, கேட்ட தரத்தை 35433 என்பது போன்ற ஐந்து இலக்கங்களில் எழுதி அனுப்புவோம். வரும் அலையின் வலிமை, பிற நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்கும் அளவு, மொத்தத் தரம் ஆகியவற்றுக்கு வரிசையாக ஒவ்வோர் இலக்கம். அறிக்கை சரியென்றால், ‘ஆம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்’ என்று உறுதிசெய்து அந்த நிலையம் படம் போட்ட அட்டை ஒன்றை அனுப்பும். 1963 முதல் தமிழில் ஒலிபரப்பி வந்த சீன வானொலியின் அட்டைகளே என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. அவளுடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வெள்ளக் கதையை அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு யாராவது கேட்டால் “பிடிக்கும், அதனால் கேட்கிறேன்” என்று மட்டும் சொல்கிறேன். ஆச்சரியம் என்னவென்றால், கேலி செய்கிறவர்களுக்கு அதற்கு மேல் பேச எதுவும் கிடைப்பதில்லை. வாதத்தை நான் தொடங்கினால்தான் அவர்களாலும் தொடர முடிந்திருக்கிறது. எல்லா ரசனையையும் எல்லோரும் மதிக்க வேண்டும் என்றெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. அவளுடைய பாடல்கள் எனக்கு இன்றும் இரைச்சலாகவே கேட்கின்றன. என் இரைச்சலைப் பற்றி அவளுக்கும் அதே கருத்துதான்.

சென்ற மாதம் தன்னிடம் மிஞ்சிய உறைகளைக் கொண்டுவந்து என் அட்டைகளை அதில் போட்டுப் பார்த்தாள். என்னுடையவை அஞ்சலட்டை அளவு என்பதால் ஒன்றுகூட நுழையவில்லை. பெரிய உறைகளை இணையத்தில் தேடி அவளே வரவழைத்தாள், என் கணக்கில்.