கிளிக்குள் உயிர், டைரிக்குள் ஆன்மா: கேள்வி பதில்

சென்ற ஞாயிறன்று சத்துவாச்சாரியில் எங்கள் வாசகர் கூட்டத்தில் மாயக் கதைகளில் வரும் சபிக்கப்பட்ட பொருள்களைப் பற்றிப் பேசினேன். நேரம் போதவில்லை. கேள்விகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி வாங்கி வந்தேன். பதில்களில் கதை முடிவுகளும் வருகின்றன. இன்னும் படித்து முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

குடியாத்தம், கல்லூரி மாணவி: அக்கா, ஹாரி பாட்டரில் வரும் ஹார்க்ரக்ஸ், பாட்டி சொன்ன ‘ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிர்’ கதைதானே?

உறவு உண்டு அம்மா, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அணைக்கட்டுப் பக்கம் எங்கள் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது கிளியின் ஒரு சிறகைப் பிய்த்ததும் நிறுத்திவிடுவாள். “இப்போது மந்திரவாதிக்கு என்ன ஆகியிருக்கும்?” என்று கேட்பாள். “கை விழுந்திருக்கும்!” என்று கத்துவோம். 1868இல் அச்சான ‘ஓல்ட் டெக்கான் டேஸ்’ என்ற தொகுப்பிலும் பஞ்ச்கின் என்ற மந்திரவாதிக்கு இதே கதிதான். உயிர் முழுவதும் கிளியிடம் இருப்பதால் கிளிக்கு வலித்தால் அவனுக்கும் வலிக்கும்.

ஹாரியின் எதிரியான மந்திரவாதி வால்டமார்ட்டுக்கு வலிப்பதே இல்லை. தன் ஹார்க்ரக்ஸ்களில் ஒன்றான டைரி அழிந்த செய்தியை இன்னொருவர் வாயிலிருந்துதான் தெரிந்துகொள்கிறான். அவன் உயிரை இடம் மாற்றவில்லை. கொலை செய்து ஆன்மாவைக் கிழித்து, கிழிந்த துண்டைப் பொருளுக்குள் அடைத்தான். அந்தப் பொருள்தான் ஹார்க்ரக்ஸ். நமக்கு உயிர் என்றும் ஆன்மா என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. இந்தக் கதையைப் படிக்கும்போது இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆற்காடு: உயிரைப் பல இடங்களில் பிரித்து வைப்பது ஹாரி பாட்டர் எழுத்தாளர் கண்டுபிடித்ததா?

இல்லை. மயில்ராவணன் கதையைக் கூத்தில் பார்த்திருப்பீர்களே. அவன் உயிர் வண்டுகளில் இருக்கிறது. அனுமன் அவற்றைத் தேடிப் பிடித்து நசுக்கினால்தான் அவன் சாவான். புதிதாக வந்தது எண்ணிக்கை அல்ல, விலை. மயில்ராவணன் தன் வண்டுகளுக்காக யாரையும் கொல்ல வேண்டியிருக்கவில்லை. வால்டமார்ட்டின் ஒவ்வொரு ஹார்க்ரக்ஸுக்குப் பின்னாலும் ஒரு பிணம் கிடக்கிறது. கிழிந்த ஆன்மாவை ஒட்ட ஒரே வழி, செய்ததை எண்ணி மனம் உருகுவது. அந்த வலியே ஆளைக் கொன்றுவிடலாம் என்கிறது புத்தகம்.

காட்பாடி, பொறியியல் மாணவர்: அக்கா, ஹாரிக்குள் வால்டமார்ட்டின் ஆன்மாத் துண்டு இருந்ததால்தான் அவனை வளர்த்த பெரியம்மாவின் டர்ஸ்லி குடும்பம் அவனைக் கொடுமைப்படுத்தியது என்கிறார்களே?

தம்பி, முதன்முதலில் கேட்டபோது நானும் மயங்கினேன். இன்னொரு ஹார்க்ரக்ஸான லாக்கெட்டை மாற்றி மாற்றிக் கழுத்தில் போட்டுத் திரிந்ததிலேயே ஹாரியின் நண்பன் ரான் எரிந்து விழ ஆரம்பித்தான். பத்து வருடம் ஹாரியோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்வி நியாயமாகவே தோன்றும்.

ஆனால் புத்தகம் இதற்கு இடம் தரவில்லை. முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். குழந்தை வாசலுக்கு வருவதற்கு முன்பே பெரியம்மா பெட்யூனியா தனக்குத் தங்கையே இல்லை என்று ஊராரிடம் நடித்துக்கொண்டிருக்கிறாள். ரானோ பள்ளி விடுதியில் ஆறு வருடம் ஹாரியோடு ஒரே அறையில் தூங்கினான். ஹாரியின் அருகாமை அவனைக் கெடுக்கவில்லை.

இந்த ஊகம் எனக்குப் பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டுக்கு வந்த குழந்தையைப் பாத்திரம் தேய்க்க வைத்துவிட்டு, “பிறந்த நேரம் அப்படி, அப்பனை முழுங்கிவிட்டது” என்று சொன்ன பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த பொந்தில் ஒரு பையனைப் படுக்க வைத்தவர்களுக்கும் இதே சாக்கைக் கொடுக்கிறது இந்த ஊகம். செய்தவர்கள் மேல் இருக்க வேண்டிய பழியை அது குழந்தையின் நெற்றித் தழும்பின் மேல் இறக்கி வைக்கிறது.

ராணிப்பேட்டை: இரண்டாம் பாகத்தில் பாசிலிஸ்க் என்ற ராட்சதப் பாம்பின் நச்சுப் பல் ஹாரியைக் குத்தியதே, அப்போதே அவனுக்குள் இருந்த துண்டு அழிந்திருக்க வேண்டாமா?

ஹார்க்ரக்ஸ் அழிய வேண்டுமானால் அதைத் தாங்கும் பொருள் எந்த மந்திரத்தாலும் சரிசெய்ய முடியாதபடி சிதைய வேண்டும். இங்கே துண்டைத் தாங்கியது ஹாரியின் உடல். காயத்தை ஆற்றும் பீனிக்ஸ் பறவையின் கண்ணீர் அவனைக் காப்பாற்றிவிட்டது. அவ்வளவுதான்.

வேலூர்: ஹாரியின் தலைமையாசிரியர் டம்பிள்டோரின் கை கருகியது ஆன்மாத் துண்டாலா, சாபத்தாலா?

சாபத்தால். இன்னொரு ஹார்க்ரக்ஸான மோதிரத்தில் துண்டும் இருந்தது, தனியாக ஒரு சாபமும் இருந்தது. இறந்தவர்களை வரவழைக்கும் கல் அதில் இருந்ததால், தன் குடும்பத்தாரை ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டு அவர் விரலில் போட்டுக்கொண்டார்.

ஆம்பூர்: உங்களுக்குப் பிடித்த வாசகர் ஊகம் எது?

ஆர்.ஏ.பி. யார் என்று கண்டுபிடித்தது. 2005இல் வந்த ஆறாம் பாகத்தின் முடிவில், உண்மையான ஹார்க்ரக்ஸுக்குப் பதிலாக யாரோ வைத்த போலி லாக்கெட்டுக்குள், பெயருக்குப் பதில் அந்த எழுத்துகளோடு ஒரு கடிதம் கிடைக்கிறது. விடை வந்தது 2007இல். இடைப்பட்ட காலத்தில் வாசகர்கள் மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். டச்சுப் பதிப்பில், ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸின் பிளாக் குடும்பத்துக்குப் பெயர் ஸ்வார்ட்ஸ், ‘இசட்’ எழுத்தில் தொடங்குவது. கடிதத்தின் கடைசி எழுத்தும் அங்கே ‘இசட்’. நார்வேப் பதிப்பில் குடும்பப் பெயர் ஸ்வார்ட், கடிதத்தில் ‘எஸ்’. அப்படியானால் அது சிரியஸின் தம்பி ரெகுலஸ் பிளாக்! பிறகு 2003இல் வந்த ஐந்தாம் பாகத்தைப் புரட்டினால், பிளாக் வீட்டைச் சுத்தம் செய்யும்போது யாராலும் திறக்க முடியாத ஒரு கனமான லாக்கெட் போகிற போக்கில் வருகிறது. அதைக் கண்டபோது உடம்பு சிலிர்த்தது. ஆசையால் கட்டிய ஊகம் அல்ல இது, பக்கம் பக்கமாகப் படித்துச் சேர்த்தது.

வாலாஜாபேட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியர்: அம்மா, டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் வரும் மோதிரமும் ஹார்க்ரக்ஸ்தானா? மோதிரத்துக்காக அலைந்த கொல்லம் என்பவன் கடைசியில் அதோடு எரிமலை நெருப்பில் விழுந்தது தற்செயலா?

ஐயா, அந்தக் கதையின் தீயவன் சௌரான் மோதிரத்தில் வைத்தது ஆன்மாத் துண்டு அல்ல, தன் ஆற்றலின் பெரும்பகுதி. அதனால்தான் மோதிரம் அழிந்ததுமே அவன் வீழ்ந்தான். வால்டமார்ட்டையோ ஹார்க்ரக்ஸ்களை அழித்த பிறகும் தனியாகக் கொல்ல வேண்டியிருந்தது.

கொல்லம் விழுந்ததைப் பற்றி நல்ல ஊகம் ஒன்று உண்டு. மோதிரத்தை நெருப்பில் போட்டு அழிக்கக் கொண்டுபோகும் ஃப்ரோடோ எரிமலைச் சரிவில் அதைப் பற்றிக்கொண்டு, இன்னொரு முறை என்னைத் தொட்டால் நீயே நெருப்பில் எறியப்படுவாய் என்று கொல்லத்தை எச்சரிக்கிறான். அப்போது மோதிரம் நெருப்புச் சக்கரமாகத் தெரிகிறது, அந்தக் குரல் அந்த நெருப்பிலிருந்து வருவதாகத்தான் எழுதியிருக்கிறது. கொல்லம் தொட்டான், விழுந்தான். மோதிரம் தன் சாபத்தாலேயே அழிந்தது என்பார்கள், பஸ்மாசுரன் தன் தலையில் தானே கை வைத்தது போல. ஃப்ரோடோவால் முடிந்தது முடிந்த பிறகு வேறொரு சக்தி பொறுப்பேற்றது என்று டோல்கீன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தே நிற்கலாம் என்பது என் எண்ணம்.

அணைக்கட்டு: நம் பக்கத்தில் இப்படி உயிர் குடியிருக்கும் பொருள் உண்டா?

படுகளம் பார்த்திருக்கிறீர்களா? பாரதக் கூத்தின் கடைசி நாளில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாத்திக் கிடத்துவார்கள். அவன் உயிர்நிலை தொடையில் இருக்கிறது. காந்தாரியின் பார்வை படாத இடம் அது ஒன்றுதான் என்பது கதை. சிறுமியாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். பீமன் வேடக்காரர் கதாயுதத்தை ஓங்கி அந்தத் தொடையில் அடித்தார். உள்ளே வைத்திருந்த சிவப்பு நீர் மண்ணில் பரவியது. திரௌபதி கூந்தலை முடிந்தாள். அதுவரை மூச்சைப் பிடித்து நின்ற கூட்டம் மண் உருவத்தின் மேல் பாய்ந்தது. ஆளுக்கொரு பிடி மண். அம்மா முந்தானையில் முடிந்து வந்ததை விதைநெல் குதிருக்குள் போட்டு வைத்தாள்.