வாட்ஸ்அப்பும் சிக்னல் ஆப்பும் ஒரே குறியாக்கம்தான் என்றால், சிக்னலின் கோட் (ஆப்பை எழுதிய நிரல்) எல்லாரும் பார்க்கும்படி திறந்திருப்பதால் என்ன லாபம்?

பூட்டு ஒன்றுதான். 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் எல்லாருக்கும் கொடுத்த எண்ட் டு எண்ட் குறியாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிவது) சிக்னல் புரோட்டோகால் என்ற சிக்னலின் பூட்டு முறையை வைத்துச் செய்ததே. அந்தப் பூட்டைச் சரியாக மாட்டியிருக்கிறார்களா என்று கழற்றிப் பார்க்க சிக்னல் விடுகிறது, வாட்ஸ்அப் ஆப்பின் கோட் வெளியே இல்லை. ஆண்ட்ராய்டு சிக்னலில் இன்னொரு வசதி: கோடை நாமே கம்பைல் செய்து, அதாவது ஓடும் ஆப்பாக மாற்றி, பிளே ஸ்டோரில் வருவதும் அதுதானா என்று ஒப்பிடலாம். நூறு பேரில் ஒருவர்கூடச் செய்யமாட்டார், சரிதான். ஆனால் செய்யத் தெரிந்த சிலர் உலகில் எங்கோ செய்வார்கள் என்ற பயம் நிறுவனத்துக்கு இருக்கும்.

சர்வர் கோட் விஷயத்தில் சிக்னலும் சறுக்கியது. 2020 ஏப்ரலிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் பொதுவில் கோடைப் புதுப்பிக்கவே இல்லை. அப்புறம் வெளியிட்டபோது உள்ளே மொபைல்காயின் என்ற கிரிப்டோ நாணயத்தில் பணம் அனுப்பும் வசதி இருந்தது. பலர் கோபப்பட்டார்கள், நியாயம்தான். ஆனாலும் செய்தியைப் பூட்டுவதும் திறப்பதும் போனுக்குள்ளேதான். சர்வர் கோடைக் காட்டினாலும், அங்கே ஓடுவது அதேதான் என்று நமக்குத் தெரியப்போவதில்லை. அதனால் எனக்கு ஆப்பின் கோடுதான் முக்கியம்.

குளச்சலில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீட்டில் உள்ளவர்கள்தான் அதிகம் வருவார்கள். "அண்ணே, இத வேற ஆரும் பாக்க மாட்டாவல்லா?" என்பார்கள். வளைகுடாவில் இருப்பவர் போன் மாற்றி ஆப்பைப் புதிதாகப் போட்டால், சிக்னலில் பாதுகாப்பு எண் (நடுவில் யாரும் இல்லை என்று இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கும் 60 இலக்க எண்) மாறிவிட்டதாக ஒரு வரி வரும். வாட்ஸ்அப்பில் அந்த அறிவிப்பை நாம்தான் ஆன் செய்யவேண்டும். எண் மாறினாலே யாரோ நடுவில் புகுந்துவிட்டதாக அர்த்தமில்லை, பெரும்பாலும் புதுப் போன்தான். சந்தேகம் இருந்தால் 60 இலக்கத்தையும் போனில் வாசித்து ஒப்பிடலாம். லீவுக்கு வரும்போது கியூஆர் ஸ்கேன் செய்துகொண்டால் இன்னும் நல்லது.

நிறுவனம் என்ன சேர்த்து வைக்கிறது என்பதிலும் வெளிப்படை வேண்டும். 2016-இல் அமெரிக்காவில் சிக்னலிடம் ஒரு கணக்கின் விவரம் கேட்டு உத்தரவு வந்தது. கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள், இவ்வளவுதான் அவர்களால் கொடுக்க முடிந்தது. அந்தக் கடிதங்களையும் வெளியிட்டார்கள். டெலிகிராமை இந்த வரிசையில் வைக்காதீர்கள். சீக்ரெட் சாட் தவிர சாதாரண அரட்டைக்கு அங்கே எண்ட் டு எண்ட் குறியாக்கமே கிடையாது.

என் கடையில் பார்க்கும் பெரிய ஓட்டை வேறு. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவுக்குப் போகும், அதற்கான குறியாக்கம் 2021-இல் வந்தும் பலர் ஆன் செய்யவில்லை. செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப் போனால் அங்கே இருக்கும். பாஸ்வேர்டை எழுதி வையுங்கள், மறந்தால் என்னாலும் எடுத்துத் தர முடியாது.