தமிழ்நாட்டின் புரட்சி வரலாற்றிலும் பெண்கள் வரலாற்றிலும் ஒருசேர இடம்பெறத் தக்கவர்கள் யார்?

கேள்வியைக் கேட்டவர், வேலுநாச்சியார் பெயரை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள் என்றும், அவரைத் தாண்டி யாரைச் சொல்வீர்கள் என்றும் கேட்டிருக்கிறார். உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் குறை எனக்கு நன்றாகவே தெரியும். சுதந்திர தின விழா மாறுவேடப் போட்டிக்கு ஒவ்வொரு வருடமும் அட்டைவாள் ஏந்திய நாச்சியார்கள் நான்கைந்து பேராவது வந்துவிடுவார்கள். வேறு பெண்கள் வரமாட்டார்கள்.

நாச்சியாரின் சிறப்பில் எனக்கு ஐயம் ஏதுமில்லை. 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, மகளோடு திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சிக்குப் போய், ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் படை திரட்டி, ஹைதர் அலியின் துணையைப் பெற்று, மருது சகோதரர்களோடு திரும்பிவந்து 1780இல் சிவகங்கையை மீட்டவர் அவர். ஆனால் அவரைத் ‘தென்னாட்டு ஜான்சி ராணி’ என்று மேடைதோறும் முழங்குவதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். நாச்சியார் 1796இல் மறைந்தார். ஜான்சியின் லட்சுமிபாய் பிறந்ததே 1828இல். யாரை வைத்து யாரை அழைக்க வேண்டும் என்பதைக்கூட நாம் கணக்குப் பார்க்கவில்லை. அவருடைய படையில் இருந்ததாகச் சொல்லப்படும் குயிலியைப் பொறுத்தவரை, உடலில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்ந்த கதையை நான் சிவகங்கை வட்டார மக்களின் நினைவாக மதிக்கிறேன். தேதியிட்ட ஆவணத்துக்குச் சமமாக வகுப்பில் வைத்ததில்லை.

இனி என் பதிலுக்கு வருகிறேன். அரசாங்கத்தை எதிர்த்தவர்களை ஒரு பட்டியலிலும், பெண்களுக்காகப் பாடுபட்டவர்களை இன்னொரு பட்டியலிலும் எழுதிப் பழகிவிட்டோம். முன்னதில் பெண்கள் ‘இவர்களும் பங்கேற்றனர்’ என்ற கடைசி வரியில் வருகிறார்கள். பின்னதில் இடம்பெறும் பெண்களைச் சிறைக்குப் போனவர்களாக யாரும் நினைப்பதில்லை. எந்தப் பெண்களுக்கு வெளியே நடந்த போராட்டமும் சொந்த வீட்டுக்குள்ளும் உடலிலும் நடந்த போராட்டமும் ஒன்றாகவே இருந்தனவோ, அவர்களையே நான் முதலில் சொல்வேன்.

அப்படிப் பார்த்தால் முதற்பெயர் கடலூர் அஞ்சலை அம்மாள். 1890இல் கடலூர் முதுநகரில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன இவர், 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார். இவரைப் பற்றிப் பேச 1927ஆம் ஆண்டின் நீல் சிலைப் போராட்டத்தில் தொடங்குவதே பொருத்தம். கர்னல் நீல் 1857 எழுச்சியின்போது சென்னையிலிருந்து படையோடு வடக்கே போய், அலகாபாத்திலும் கான்பூரிலும் மக்களைக் கூட்டங்கூட்டமாகத் தூக்கிலிட்டவர். அந்த மனிதருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அதை அகற்றக் கோரித் தொண்டர்கள் சுத்தியலும் கையுமாகச் சிலையை நோக்கிச் சிறு சிறு குழுக்களாகப் போவதும் கைதாவதுமாக இருந்தார்கள். அஞ்சலை அம்மாள் தம் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கையில் பிடித்துக்கொண்டு போனார். தாய் சிறைக்கும் மகள் சிறார் காப்பகத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். சென்னைக்கு வந்த காந்தி அந்தச் சிறுமியைச் சந்தித்தார். அவளுக்கு லீலாவதி என்று பெயர் வைத்ததும், பிற்பாடு வார்தா ஆசிரமத்தில் வைத்துப் படிக்கச் செய்ததும் அவரே. சிலை 1937இல் காங்கிரஸ் அமைச்சரவை வந்த பிறகுதான் சாலையை விட்டு அகன்றது. பின்னாளில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒன்பது வயதுப் பிள்ளையைப் போராட்டத்துக்கு இழுத்துப் போனது சரியா என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்விதான். அன்றைய தலைவர்கள் பலர் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுச் சிறைக்குப் போனார்கள், வீட்டில் ஒரு பெண் இருந்ததால். அஞ்சலை அம்மாளின் கணவர் முருகப்பனும் போராட்டக்காரர். குடும்பச் சொத்தும் போராட்டத்திலேயே கரைந்தது. பிள்ளையை விட்டுப் போக அவருக்கு ஒரு ‘வீட்டுப் பெண்’ இல்லை என்று பதில் சொன்னேன். அவன் முழுவதும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் கடினமானது. உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் வேலூர்ச் சிறையில் இருந்தபோது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பிள்ளை பிறந்ததும் கைக்குழந்தையோடு சிறைக்குத் திரும்பி, மீதித் தண்டனையை அனுபவித்தார். ஜெயவீரன் என்ற அந்தப் பிள்ளையின் பெயர் ஊரார் வாயில் ‘ஜெயில் வீரன்’ என்றே ஆகிவிட்டது. அஞ்சலை அம்மாள் 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய முயற்சியில் தீர்த்தாம்பாளையத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயை அஞ்சலை வாய்க்கால் என்றே அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள்.

ஒரு வருடம் என் பேச்சைக் கேட்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அஞ்சலை அம்மாளாக வேடம் போட முன்வந்தாள். “கையில என்ன சார் வெச்சுக்கணும்?” என்று கேட்டாள். நான் யோசித்துவிட்டு, ஒரு கையில் சுத்தியல், இடுப்பில் ஒரு துணிப் பொம்மை என்றேன். மேடையில் அவள் நின்றதைப் பார்த்த நடுவர், கொல்லுப்பட்டறைக்காரியா என்று கேட்டார். பரிசு வழக்கம்போல் வாள் ஏந்தியவருக்குப் போனது.

இரண்டாவதாக இரண்டு பேரைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும். இன்று பலருக்கு இந்தப் பெயர்கள் அரசு உதவித் திட்டங்களின் விண்ணப்பப் படிவங்களில் அச்சிட்ட பெயர்களாக மட்டுமே தெரியும். 1883இல் பிறந்த இராமாமிர்தம், குழந்தையாக இருந்தபோதே வறுமையால் ஒரு தாசி வீட்டுக்கு விற்கப்பட்டவர். பொட்டுக்கட்டி, அதாவது கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடப்பட்டு வாழும் வாழ்க்கையை மறுத்து, தமக்கு இசை கற்பித்த ஆசிரியரையே மணந்துகொண்டார். பின்னர் ஊர் ஊராகப் போய், அந்த வழக்கத்தால் யாருக்கு வருமானம், யாருக்கு அழிவு என்பதை அதே குலப் பெண்களிடம் பேசினார். தாம் கண்டதையும் பட்டதையும் 1936இல் நாவலாகவும் வெளியிட்டார். முதலில் காங்கிரஸ், பிறகு சுயமரியாதை இயக்கம், 1949க்குப் பிறகு தி.மு.க. என்று அவர் கட்சி மாறினாலும் பேசிய பொருள் மாறவில்லை. 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் இருந்த ஒரே பெண் அவர்தான். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அந்தப் போராட்டத்திற்காகச் சிறைக்கும் போனார்.

முத்துலட்சுமி ரெட்டி அதே சிக்கலைச் சட்டத்தின் வழியே அணுகினார். அவர் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர். அவருடைய தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபைச் சேர்ந்தவர். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி, 1927இல் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். 1929இல் அவர் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தேவதாசிகளுக்குக் கோயில் ஊழியத்துக்கு ஈடாக இனாம் நிலம் இருந்தது. ஊழியத்தை விட்டால் நிலம் போய்விடும். எனவே விடுதலை என்பது பசியாகவே முடியும். அந்தத் திருத்தம், நிலத்தை ஊழியக் கட்டிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரியதாக்கியது. முழங்கிப் பேசுகிறவர்களுக்கு இத்தகைய நுணுக்கம் தோன்றுவதில்லை. 1930இல் காந்தி கைதானபோது முத்துலட்சுமி அவையிலிருந்து விலகினார். பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. இதைச் சீர்திருத்தம் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, துப்பாக்கி வெடித்தால் மட்டும் புரட்சி என்பது எனக்கு உடன்பாடில்லை.

வேதாரண்யம் உப்புப் போராட்டத்தில் 1930இல் சிறை சென்று, 1946இல் மாகாணத்தின் முதல் பெண் அமைச்சராகிச் சுகாதாரத் துறையைக் கவனித்த ருக்மணி லட்சுமிபதியைச் சென்னைவாசிகள் எழும்பூர்ச் சாலைப் பெயராகவாவது அறிவார்கள். கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1943இல் சிங்கப்பூரில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென அமைந்த ஜான்சி ராணிப் படையின் தலைமையை ஏற்றவர். அவரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்தப் படையில் சேர்ந்த மலேயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களைப் பற்றித்தான் போதுமான அளவு எழுதவில்லை. அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை. அந்நாட்டு விடுதலைக்காகத் துப்பாக்கி பிடித்துப் பர்மா வரை போனார்கள்.

நான் கடைசியாகச் சொல்ல விரும்புவது மணலூர் மணியம்மையை. கீழத்தஞ்சையின் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் விதவையானவர். விதவைக்கு அந்த வீடு விதித்திருந்த கோலத்தை அவர் ஏற்கவில்லை. தலைமுடியைக் கிராப் வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து, சைக்கிளில் சேரிகளுக்குப் போனார். சாதிக் கட்டுப்பாடு, விதவைக் கட்டுப்பாடு, பெண்ணுடைக் கட்டுப்பாடு மூன்றையும் ஒரே சைக்கிள் மிதிப்பில் கடந்தார் என்று சொல்லலாம். பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்கவைப்பது) சவுக்கடியும் தண்டனையாக இருந்த காலம் அது. காங்கிரசில் தொடங்கிக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்த அவர், அந்தப் பண்ணையாட்களையே சங்கமாகத் திரட்டினார். தம் உறவினரும் மிராசுதார்களும் எதிர்ப்பக்கத்தில் நிற்பது தெரிந்தே அதைச் செய்தார். தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, ஒரு மான் முட்டியதால் ஏற்பட்ட காயத்தில் மணியம்மை இறந்துபோனார்.