வேலை, குடும்பம் என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள் மெதுவாக நகரும் ஆன்லைன் விண்வெளி கேமை ரசித்து விளையாட முடியுமா?

முடியும். ஆனால் "மெதுவான கேம்" என்ற பெயரில் இரண்டு ரகம் உண்டு. எதில் போய் மாட்டுகிறீர்கள் என்பதுதான் விஷயம்.

நீங்கள் கேட்கிற தோரணையைப் பார்த்தால் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, ராத்திரி பத்துக்கு மேல்தான் உங்களுக்கென்று அரை மணி நேரம் கிடைக்கிறது, அதிலும் பாதி நாள் தூக்கம் ஜெயித்துவிடுகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். என் கதையை வைத்துத்தான் ஊகிக்கிறேன்.

முதல் ரகம், ஓகேம் மாதிரி பிரவுசரில் ஓடுபவை. 2002-லிருந்து இருக்கிறது. சுரங்கம் கட்டு, காத்திரு. கப்பல் கட்டு, காத்திரு. பார்க்க பரம சாது. ஆனால் நீங்கள் தூங்கும்போது கிரகத்தில் நிற்கும் கப்பல்களை எவனாவது வந்து நொறுக்கலாம். அதனால் படுக்கும் முன் மொத்தப் படையையும் எங்காவது நெடும்பயணம் அனுப்பி, எழுந்திருக்கிற நேரத்துக்குத் திரும்பி வருகிற மாதிரி கணக்குப் போட வேண்டும். ஃப்ளீட்சேவ் என்பார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஆபீசில் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதில் சுகம் காண்கிறவர்கள் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

இரண்டாவது ரகம், நான் விளையாடும் ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் 2003-இல் வெளியிட்டது. இதில் திறன்கள் நிஜ நேரத்தில் ஏறும், கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தாலும். சாதாரணத் திறன் ஒன்றின் முதல் நிலைக்கு 250 புள்ளி. ஐந்தாம் நிலையைத் தொட மொத்தம் 2,56,000. பெரிய போர்க்கப்பல் திறன் என்றால் கடைசி நிலைக்கு மட்டுமே ஒரு மாதம் போய்விடும். முன்பெல்லாம் அடுத்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கும் பயிற்சியைத்தான் வரிசையில் போட முடியும். 2014-இல் அதை எடுத்துவிட்டார்கள். சந்தா கட்டினால், வாரக்கணக்கில் வரிசை போட்டுவிட்டு உங்கள் பாட்டுக்குப் போகலாம். நாள் முழுக்க கேமில் கிடப்பவனுக்கும் டயபர் மாற்றிக்கொண்டிருப்பவனுக்கும் புள்ளி ஏறும் வேகம் ஒன்றுதான். "காசு கொடுத்தால் புள்ளியை உடனே ஏற்றுகிற இன்ஜெக்டர் வாங்கலாமே" என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். 2016-லிருந்து வாங்கலாம், தெரியும். வாங்குகிறவர்கள் வாங்கட்டும்.

என் பெண் பிறந்த புதிதில் தோளில் போட்டால்தான் தூங்குவாள். இடது கையில் அவள், வலது கையில் மவுஸ், சத்தத்தை அணைத்து, திரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு விண்கல்லை லேசரால் குடைந்துகொண்டிருப்பேன். மைனிங் செய்கிறவர்கள் பெரும்பாலும் ரிட்ரீவர் என்ற கப்பலை எடுக்கச் சொல்வார்கள், சரக்குக் கிடங்கு பெரிது. நான் பிடிவாதமாக புரொக்யூரர்தான் ஓட்டினேன். கிடங்கு சின்னது, ஆனால் அடி தாங்கும். குழந்தை அழுதால் எழுந்து போயே ஆக வேண்டும், கப்பல் அனாதையாக நிற்கும் என்று தெரிந்துதான் அந்த முடிவு.

ஒரு ராத்திரி, மைனிங் பண்ண உரிமம் வாங்கினாயா என்று மிரட்டுகிற கும்பல் ஒன்று வந்தது. பாதுகாப்பான பகுதி என்று சொல்லப்படும் ஹைசெக்கிலேயே இது நடக்கும். அடித்தவனை கான்கார்டு போலீஸ் வந்து அழிக்கும், ஆனால் அதற்குள் நம் கப்பல் போயிருக்கலாம். சாட்டில் கேள்வி மேல் கேள்வி. நான் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன், எங்கே டைப் அடிப்பது? அந்தக் கும்பலின் கேட்டலிஸ்ட் ரகப் போர்க்கப்பல்கள் இரண்டு பாய்ந்தன. ஷீல்டு மளமளவென்று இறங்கியது. கான்கார்டு வந்து இரண்டையும் பொடியாக்கியபோது என் புரொக்யூரர் அதே கல்லைக் குடைந்துகொண்டிருந்தது! ரிட்ரீவராக இருந்தால் அன்றைக்குக் கதை முடிந்திருக்கும். "வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்கிற தொனியில் ஒருவன் கேட்டான். ஒற்றை விரலால் "குழந்தை தூங்குது" என்று அடித்தேன். "ஐயோ, எத்தனை மாசம்?" என்றான். அப்புறம் ஏப்பம் வர வைப்பது எப்படி என்று வகுப்பே எடுத்தான்.

என் மாமனாருக்கு இதெல்லாம் சிரிப்பு. "என்ன மாப்ள, கப்பல் கரை சேந்துச்சா?" என்பார். சேர்ந்துவிட்டது மாமா என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவேன். நேர விரயம் என்றால் என் நேரத்தைத் தின்பது கேம் இல்லை, ஆபீஸ் சாட்டில் பெயருக்குப் பக்கத்தில் எரியும் அந்தப் பச்சைப் புள்ளி. கொஞ்சம் எழுந்து போனால் மஞ்சளாகிவிடும். உடனே "ஹாய்" என்று ஒரு மெசேஜ். வெறும் ஹாய். விஷயத்தை எழுத மாட்டார்கள். நாம் "சொல்லுங்க" என்று போட்டால் டைப்பிங், டைப்பிங் என்றே காட்டும், கடைசியில் "கால்ல பேசலாமா?" என்று வந்து நிற்கும். ஒரு வரியில் முடிகிற கேள்விக்கு! இதை யாரும் வெட்டி வேலை என்று சொல்வதில்லை. சரி, விடுங்கள்.

இப்போது நான் அதிகம் செய்வது கிரகத் தொழில். தோண்டும் இயந்திரத்துக்கு ஒரு மணி நேரத்திலிருந்து 14 நாள் வரை ஓட்டம் வைக்கலாம். அடிக்கடி வந்து குறுகிய ஓட்டமாக மாற்றி மாற்றி வைத்தால் விளைச்சல் கூடும், நீளமாக வைத்தால் குறையும். நான் நீளமாகவே வைப்பேன். எடுத்த சரக்கை, கேமின் பெரிய சந்தையான ஜிட்டாவில் விற்பனைக்குப் போட்டால் 90 நாள் வரை ஆர்டர் நிற்கும். எக்ஸெல் ஷீட்டுக்குப் பெயின்ட் அடித்த கேம் என்று கிண்டல் செய்வார்கள். உண்மைதான், 2022-இல் எக்ஸெல்லோடு அதிகாரப்பூர்வமாகவே கூட்டுச் சேர்ந்தார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெரிய கூட்டணிகளில் மட்டும் அவசரப்பட்டுச் சேராதீர்கள். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் ஒரு போர். ஒரு நட்சத்திர மண்டலத்துக்கான கட்டணம் கட்டப்படாமல் போனதில் தொடங்கி, ஏறக்குறைய 21 மணி நேரம் நடந்து, கேமிலேயே மிகப்பெரிய ரகமான டைட்டன் கப்பல்கள் 75 அழிந்தன. சர்வர் தாங்காமல் விளையாட்டு நேரமே பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஊர்ந்தது. மறுநாள் காலை மீட்டிங் இருக்கிறவனுக்கு அது ஆகாது. ஹைசெக்கில் சுற்றுகிற எங்களை அந்தப் பக்கத்து ஆட்கள் கேர்பேர், அதாவது சண்டைக்குப் பயந்தவர்கள், என்று கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும்.

தொடங்குவதானால் இலவச ஆல்ஃபா கணக்கில் தொடங்குங்கள். பயிற்சி பாதி வேகத்தில்தான் ஏறும், ஆனால் பிடிக்கிறதா இல்லையா என்று பார்க்க அது போதும். எழுந்து போகும்போது கப்பலை ஸ்டேஷனில் டாக் செய்துவிட்டுப் போங்கள். விலை உயர்ந்த சரக்கை ஏற்றிக்கொண்டு ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு சாப்பிடப் போகாதீர்கள். அது அடுத்த மண்டலத்துக்குத் தாவும் வாசலுக்குச் சில கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கிவிட்டு மெல்ல ஊர்ந்து போகும், உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் அங்கேதான் நிற்பார்கள்.